துப்பாக்கி வாங்கப் புறப்பட்டோம்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் பசு மாடு வாங்கப் போகிறார் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்றால், "ரொக்கமா, தவணையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால், துப்பாக்கி வாங்கப் போகிறார் என்ற சமாசாரம் காதில் விழுந்ததோ இல்லையோ, ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பும் மற்றப் பாதிப் பேருக்குத் திகிலும் உண்டாகிவிடுகின்றன. "என்ன சார், பையன்கள் அவ்வளவு தொந்தரவு கொடுக்கிறார்களா?" என்று விசாரித்தவர் நம்முடன் வேலை பார்க்கும் தமிழாசிரியர். குறளிலேயே 'துப்பாக்கி' இருக்கிறது என்றும், அங்கே அதற்கு உணவாக்கி என்று பொருள் என்றும் அவர் வருஷந்தோறும் வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது வழக்கம். "பன்றிக்குத்தானே சார்?" என்று ஆவலோடு கேட்டார் ஒரு குடியானவர். அவருடைய மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப் பன்றிகள் முதல் நாள் இரவுதான் உழுதுவிட்டுப் போயிருந்தன.

"இரண்டுக்கும் இல்லை, காகிதத்தைச் சுடுவதற்கு" என்று நாம் சொன்னோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் அனுதாபம் நிறைந்திருந்தது.

காகிதத்தைச் சுடுவது லேசான காரியம் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. 50 மீட்டர் தூரத்தில் ஒரு காகித அட்டையை நிறுத்துகிறார்கள். அதில் வளையத்துக்குள் வளையமாகப் பத்து வட்டங்கள். நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்; அதாவது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி! பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு கோடியில் நாணயத்தை வைத்துவிட்டு மற்றொரு கோடியிலிருந்து பாருங்கள். நாணயம் இருக்கும் திசைகூடச் சந்தேகமாகிவிடும். அந்த வட்டத்தில் முழங்காலிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று 60 தடவை சுட வேண்டும். மூன்று நிலைப் போட்டி என்பது இதுதான். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில், இந்தப் போட்டியில் நம் தேசத்துக்கு முதல் முதலாக ஒரு பதக்கம் கிடைத்தது. வெண்கலப் பதக்கம் பெற்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பிள்ளை. அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவருடைய தகப்பனார் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். இந்தக் கடைசி விவரத்தைப் பத்திரிகையில் படித்ததும் நம் புதல்வி பத்திரிகையை நம் முன்னால் விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள்.

அவளுக்கு வேறோர் ஆதாரமும் கைவசம் இருந்தது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் 2019-லும் 2023-லும் ரியோ நகரத்து உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்கள் இரண்டுக்கும் சென்ற இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர். வளர்ந்தது ஆமதாபாத்தில் என்றாலும், பிறந்தது நம் ஜில்லாவின் தலைநகரத்தில் அல்லவா? "கடலூரில் பிறந்தவர் சுடலாம், கம்மாபுரத்தில் பிறந்தவள் சுடக் கூடாதா, அப்பா?" என்று பெண் கேட்டாள். தர்க்க சாஸ்திரத்தின்படி இதற்குப் பதில் உண்டு. ஆனால் பெற்ற பெண்ணிடம் தர்க்க சாஸ்திரம் செல்லாது.

ஆகவே, சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் குறி பார்த்துச் சுடுவதற்குத் தகுந்த துப்பாக்கி வாங்குவதானால் எதை வாங்குவது, எவ்வளவில் வாங்குவது என்று விசாரணையில் இறங்கினோம். பௌதிகம் கற்பிக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சபலம் தட்டுவது இயற்கையே.

முதலில் தோட்டாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி அதற்கு அப்புறந்தான். 50 மீட்டர் பந்தயத்துக்கு உரியது பாயிண்ட் 22 என்னும் சிறு தோட்டா. குழலின் வாய் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு. மெட்ரிக் கணக்கில் 5.6 மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் பொறி உண்டாக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு குமிழில் இருக்கும். இந்தச் சிறு தோட்டாவிலோ, அடியில் உள்ள பித்தளை விளிம்புக்குள்ளேயே மருந்தைச் சுற்றிலும் பரப்பியிருப்பார்கள். விசையை இழுத்ததும் ஊசி விளிம்பை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் பொறி பறக்கிறது. ரிம்ஃபயர் என்று பெயர் வந்ததும் இதனால்தான். விளிம்பு நசுங்கிய கூட்டை மறுபடி நிரப்பிச் சுட முடியாது, எறிய வேண்டியதுதான். ஆனால் செய்வது சுலபம், விலை மலிவு, தோளில் உதைப்பதும் இல்லை. 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'லாங் ரைபிள்' என்ற உருவமே இன்றைக்கும் உலகமெங்கும் வழங்குகிறது. ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். பந்தயத் தோட்டாவின் வேகம் வினாடிக்குச் சுமார் 320, 330 மீட்டர். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஒலியை முந்திக்கொண்டு புறப்படும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் எல்லையைத் திரும்பக் கடக்கும்போது தடுமாறும் என்பது சுடுகிறவர்கள் கண்ட அனுபவம். கடையில் "அதிவேகத் தோட்டா இருக்கிறது, சார்" என்று பெருமையாக எடுத்து வைத்தால், கும்பிடு போட்டுவிட்டு மெதுவான தோட்டாவைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

இனி, குறி தவறாத துப்பாக்கி எது? கல்லூரியில் படித்த காலத்தில் நாம் என்.சி.சி.யில் சேர்ந்திருந்தோம். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்தப் படையில், காக்கி உடையையும் பூரி கிழங்கையும் தவிர, நமக்குக் கிடைத்த பெரிய லாபம் பாயிண்ட் 22 ரைபிளை 25 கெஜத்தில் சுடக் கற்றதுதான். எத்தனையோ மாணவர்களின் கன்னம் தேய்த்து மெருகேற்றிய பழைய கட்டை. வர்ணம் போன குழல். ஐந்து தோட்டா கொடுப்பார்கள். சுட்டு முடித்த பிறகு ஹவில்தார் அட்டையைப் பார்க்கும் முறை விசித்திரமாக இருக்கும். குண்டுகள் நடு வட்டத்தில் பட்டனவா என்று அவர் பார்ப்பதே இல்லை. ஐந்து துளைகளும் ஒன்றையொன்று நெருங்கி ஒரு கொத்தாக விழுந்திருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். கொத்து மூலையில் விழுந்திருந்தால், "குறியைத் திருகினால் நடுவுக்கு வந்துவிடும்; இது நல்ல சுடுதல்" என்பார். ஒன்று நடுவிலும் நான்கு நாலு திசையிலும் இருந்தால், நடுவில் பட்டதற்கும் சேர்த்து வசவு கிடைக்கும்.

துப்பாக்கியைப் பரீக்ஷை செய்யும் முறையும் இதுவே. பளபளப்பும் பெயரும் அப்புறம். மணல் மூட்டையின் மேல் குழலைத் தாங்க வைத்து, 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, கொத்தின் அகலத்தை அளக்க வேண்டும். ஒரு கொத்து அழகாக வந்துவிட்டால் ஏமாந்துவிடக் கூடாது. அதிர்ஷ்டமும் கொத்துப் போடும். ஐந்து கொத்தாவது பார்க்க வேண்டும். 15 மில்லிமீட்டருக்குள் அடங்கிக்கொண்டே வந்தால், நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் துப்பாக்கி போதும். குழலின் உட்சுருள் தேயாமல் இருக்கிறதா, முனை விளிம்பில் காயம் இல்லையா, கட்டையின் நீளம் சுடுகிறவரின் கைக்கும் கழுத்துக்கும் பொருந்துகிறதா, விசை முரடாக இழுக்கிறதா, வெண்ணெய் வெட்டினாற்போல் விடுகிறதா - இவைதாம் பணம் கொடுக்கத் தக்க விஷயங்கள். ஈயக் குண்டு மெத்தென்றிருப்பதால் இந்த வகைக் குழல் எளிதில் தேயாது. எனவே, நன்றாகப் பராமரித்த பழைய ரைபிள், புத்தம் புதிய மட்ட ரகத்தைவிடச் சிலாக்கியம்.

பரீக்ஷையில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாம் அங்கத்தினரான பிறகு, சங்கத்து ரைபிள் ஒன்றில் மூன்று வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தோம். விலை உயர்ந்தது அட்டை முழுவதும் உலாவப் போயிற்று. மலிவானது அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. நடுத்தர விலையுள்ளது ஒரு சுண்டைக்காய்க்குள் அடங்கிற்று. ரைபிளுக்கு விலைப் பட்டியல் படிக்கத் தெரியாது போலிருக்கிறது! அது மட்டுமல்ல; அதே கம்பெனி, அதே பெயர், டப்பாவில் அச்சிட்ட லாட் நம்பர் மட்டும் வேறு என்றால், கொத்தும் வேறாகிவிடுகிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பக்கத்துப் பீங்கான் பட்டறைகளில், ஒரே களிமண் குழம்பை ஒரே அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகள்தாம். ஆனால் திங்கட்கிழமைச் சூளையில் வெந்த பிள்ளையாரும் வியாழக்கிழமைச் சூளையில் வெந்த பிள்ளையாரும் ஒரு மயிரிழை வித்தியாசப்படுவார்கள். மண் சூட்டில் சுருங்குவது சூளைக்குச் சூளை சற்று மாறும். பொம்மை வாங்குகிறவருக்கு அது தெரியாது. ஃபியூஸ் கட்டைக்கு மூடி பொருத்துகிற தொழிலாளிக்கு உடனே தெரியும். ஒரு சூளை மூடி மற்றொரு சூளைக் கட்டையில் உட்காராமல் அடம் பிடிக்கும். தோட்டாவின் சமாசாரமும் அதுவே. மருந்து, ஈயம், விளிம்பில் பரப்பிய பொறிமருந்து எல்லாம் ஒரே தடவையில் கலந்து செய்தவை ஒரு ஜாதி. அடுத்த தடவை செய்தவை அடுத்த ஜாதி. பெரிய பந்தயக்காரர்கள் தங்கள் துப்பாக்கியைத் தோட்டா செய்கிற இடத்துக்கே எடுத்துச் சென்று, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக்கு வருவோம். துப்பாக்கி வாங்கப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் கை வைப்பது இதில்தான். சினிமாவில் பார்த்த மோகம்! நாம் போன கடையிலும், பீரங்கி போல் நீண்ட ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டி, "24 மடங்கு பெரிதாகக் காட்டும், சார்" என்றார்கள். காட்டும், சந்தேகமில்லை. நம் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் 24 மடங்கு பெரிதாகக் காட்டும். குறுக்குக் கோடு அட்டை முழுவதும் கரகம் ஆடுவதைப் பார்த்த பிறகு யாருக்கு விசையை இழுக்கத் தைரியம் வரும்?

இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் 100 கெஜமும் அதற்கு மேலும் உள்ள தூரத்துக்கு இசைவாகச் செய்யப்பட்டவை. அவற்றை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் சற்று நகர்ந்தாலும் குறியும் நகர்ந்தாற்போல் தோன்றும். பஸ்ஸில் டிரைவரின் வேக முள்ளை அவர் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கணக்கும், பக்கத்து ஆசனத்திலிருந்து பார்த்தால் வேறு கணக்கும் தெரிகிறதல்லவா? இடமாறு தோற்றப் பிழை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோமே, அதே பிழைதான். ரிம்ஃபயருக்கென்றே 50 கெஜத்துக்கு இசைத்த ஸ்கோப்பும், தூரத்துக்குத் தக்கபடி திருகி இசைத்துக்கொள்ளும் ஸ்கோப்பும் உண்டு. பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு அவற்றில் ஒன்று, நான்கு முதல் ஒன்பது மடங்கு வரையில் இருந்தால் தாராளம். திருகாணியை ஒரு 'டிக்' திருப்பினால் 50 மீட்டரில் குண்டு சுமார் 3.6 மில்லிமீட்டர் நகரும். அந்த நகர்தல் ஒவ்வொரு டிக்குக்கும் மாறாமல் இருப்பதே நல்ல ஸ்கோப்பின் லக்ஷணம்.

ஆனால், உலகப் பந்தய விதிகளின்படி 50 மீட்டர் ரைபிள் போட்டியிலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலும் தொலைநோக்கிக் குறி வைத்துக்கொள்ளவே கூடாது! பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம் என்று கண் தானாக அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தைக் கடைக்காரர் நமக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். பந்தயத்துக்காகப் பழகுகிறவர் ஸ்கோப்புக்குப் பணம் கொடுப்பது, பரதம் கற்கிற பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது போலத்தான். அந்தப் பணத்தை நல்ல துளைக் குறிக்குக் கொடுக்கலாம். மிச்சம் இருந்தால், முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கலாம்; 50 மீட்டருக்கு அப்பால் கறுப்பு வட்டத்தில் விழுந்த துளை வெறும் கண்ணுக்குத் தெரியாது.

துப்பாக்கியும் குறியும் இவ்வாறு தீர்மானமாயின. அடுத்தது சட்டம். 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. அதன் விதிகளோ ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தன. இதனால் தேசத்தாருக்கு ஏற்பட்ட புண் சாமானியமல்ல. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. நிற வித்தியாசம் போயிற்று, லைசென்ஸ் இருக்கிறது. இருக்கவும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். இந்தச் சிறு குண்டு ஒரு மைலுக்கு மேல் போகக் கூடியது. தென்னந்தோப்பில் காகிதத்தை மாட்டிச் சுட்டால், காகிதத்தைத் துளைத்த குண்டு யார் வீட்டு முற்றத்தில் போய் இறங்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பின்னால் உயர்ந்த மண் மேடு உள்ள, அனுமதி பெற்ற மைதானத்தில் சுடுவதே முறை.

சட்டம் செய்தவர்கள் விளையாட்டுக்காரர்களை மறந்துவிடவில்லை. ஒருவர் இத்தனை துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து, அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்து அங்கத்தினர் குறிப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயிண்ட் 22-க்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் சட்டத்தின் மூன்றாவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. சொந்தமாக வைத்திருக்க 21 வயது நிரம்ப வேண்டும். அதற்கு முன் பயிற்சிக்காக, விதிகளின்படி, மேற்பார்வையில் சுடலாம். நம் பெண்ணுக்கு வயது 16. ஆகையால், வாங்குவதானால் லைசென்ஸுக்குக் கலெக்டர் காரியாலயத்தில் விண்ணப்பம் போட வேண்டியவர் நாமே. அதற்கு முன்பு ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்க வேண்டும்.

எந்தத் துப்பாக்கி? ஜெர்மனியின் அன்சூட்ஸ், வால்தர் முதலியவை பந்தய உலகத்தின் சங்கீத கலாநிதிகள். சில லட்சங்கள் ஆகும். சாதாரணக் குடிமகன் அவற்றை நினைத்தபோது வரவழைக்கவும் முடியாது. தேசியப் போட்டிகளில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்துப் பெயர் வாங்கியவர்களுக்குத்தான் இறக்குமதிக்கு வழி உண்டு. சுதேசியில், வங்காளத்து ஈசாப்பூர் அரசாங்கத் தொழிற்சாலையின் பாயிண்ட் 22 இருக்கிறது. பந்தயத்தின் கடைசிப் படிக்கு அது போதாது. முதல் பத்துப் படிகளுக்குப் போதும். இந்தத் தேசத்தில் இத்தனை இரும்பும் இத்தனை இன்ஜினீயர்களும் இருக்க, ஒலிம்பிக் மேடையில் நம் பிள்ளைகள் கையில் நம் குழல் இல்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

இந்த நிலையில்தான், அதுவரையில் "பெண் குழந்தை கையில் துப்பாக்கியா?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நம் வீட்டு அம்மாள் சபைக்கு வந்தார். "துப்பாக்கி ஒரு தடவைச் செலவு, போகட்டும். தோட்டா மாதா மாதம் செலவாயிற்றே? ஒரு நாளைக்கு 60 சுட வேண்டும் என்கிறீர்கள். மாதத்தில் எத்தனை நாள்? கணக்குப் போட்டீர்களா?" என்று கேட்டார். பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்து, அவரே கணக்கைப் போட்டார். ஒன்றரை வருஷத்துத் தோட்டாச் செலவு, வாங்க நினைத்த ரைபிளின் விலையை விழுங்கிவிட்டது. பெண்ணின் முகம் வாடிற்று. "தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கொலுவிலா வைப்பாள்?" என்று அம்மாள் முடித்தார். இத்தனை நாள் நாம் செய்த விசாரணையில் இவ்வளவு நேரான கேள்வியை எந்த நிபுணரும் கேட்கவில்லை.

அந்தக் காகிதமே விஷயத்தைத் தீர்மானித்தது. காற்றுத் துப்பாக்கி 4.5 மில்லிமீட்டர் வாய்க்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாமல் இருந்தால், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. தோட்டாவுக்குப் பதில் சிறு ஈய வில்லை. டப்பா டப்பாவாகச் சுட்டாலும் குடும்பம் முழுகிப் போகாது. 10 மீட்டர் இடம் நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருக்கிறது. சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. நிற்கும் நிலை, மூச்சு, விசை விரல் மூன்றும் இதில் படிந்தால் அதுவே பாயிண்ட் 22-க்கும் அடிப்படை. மகாராஷ்டிரத்தில் பிரிசிஹோல் கம்பெனியார் செய்யும் சுதேசித் துப்பாக்கி ஒன்றை வாங்கினோம். வில்லை திரும்பித் தெறிக்காமல் தாங்க, விருத்தாசலத்துப் பட்டறையில் சொல்லி இரும்புப் பெட்டி ஒன்று செய்து, கோடியில் வைத்திருக்கிறோம். சுடும் நேரத்தில் தாழ்வாரத்துக் கதவு இரண்டையும் தாழிட வேண்டும் என்பது அம்மாளின் உத்தரவு. சாவி அவர் முந்தானையில்.

மாதம் ஒரு சனிக்கிழமை, விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறித் திருச்சி போய், சங்கத்து பாயிண்ட் 22-இல் 40 தோட்டா மட்டும் சுட்டு வருவதென்று ஏற்பாடு. பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கொத்தின் அகலத்தையும், லாட் நம்பரையும், அன்றைய காற்றையும் எழுதி வைக்கிறாள். ஈசாப்பூரா, பழைய வெளிநாட்டு ரைபிளா என்பதை அவளுக்கு 21 வயது நிரம்பும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். இப்போதைக்கு நம் முன் இருக்கும் பிரச்னை வேறு. சங்கத்து ரைபிளுக்குப் பிடித்த லாட்டில் இன்னும் ஆறு டப்பாக்கள்தாம் பாக்கி இருக்கின்றனவாம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிற மாதத்தில், நமக்கென்று எத்தனை டப்பாவை ஒதுக்கி வைக்கச் சொல்வது என்று தகப்பனும் மகளும் சேர்ந்து அம்மாளிடம் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.